மறைப்பதால் தெரிபவை
(நினைவு அறக்கட்டளைச் சொற்பொழிவு)



பள்ளிப் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்தே வாழ்நாளைக் கழித்த ஓர் ஆசிரியரின் நினைவாக நடக்கும் கூட்டம் இது. சூரியக் குடும்பத்தின் வியப்புகளைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். வியப்புக்குப் பஞ்சமில்லை. வெள்ளி தன் அச்சில் ஒரு முறை சுழல 243 நாள் ஆகிறது. சூரியனைச் சுற்றிவர 225 நாளே போதும். சனியின் சராசரி அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு. யுரேனஸ் படுத்த நிலையிலேயே சூரியனைச் சுற்றுகிறது. இப்படி அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் நல்ல ஆசிரியரின் வகுப்பில் படித்த பிள்ளை இதோடு விடாது, "அது எப்படி சார் தெரிஞ்சது?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்குரிய பல விடைகளில் ஒன்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். வானத்தில் ஒன்று மற்றொன்றை மறைக்கும்போது, அந்த நேரத்தைத் துல்லியமாகக் குறித்தவர்களால் நமக்குத் தெரியவந்தவை ஏராளம். கிரகணம், இடைநகர்வு, விண்மீன் மறைப்பு என்று பெயர்கள் வேறு வேறாக இருக்கலாம், வேலை ஒன்றுதான்.

1. சோழி வைத்துப் போட்ட கணக்கு

1761-ஆம் ஆண்டு ஜூன் 6 அன்று வெள்ளி சூரியனின் முகத்தைக் கடந்தது; இதுதான் இடைநகர்வு. பூமியின் வெவ்வேறு இடங்களிலிருந்து அந்த நேரத்தைக் குறித்தால் சூரியனின் தொலைவைக் கணக்கிடலாம் என்று எட்மண்ட் ஹாலி முன்பே வழி சொல்லியிருந்தார். அதற்காகப் பிரான்சிலிருந்து புதுச்சேரிக்குக் கப்பலேறியவர் லெ ஜாந்தீ. அவர் வந்து சேர்வதற்குள் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாகிவிட்டது. இடைநகர்வு நடந்த நாளில் அவர் நடுக்கடலில் இருந்தார். ஆடும் கப்பலில் அளவு எடுத்துப் பயனில்லை. எட்டாண்டுக்குப் பின் வரும் அடுத்த வாய்ப்புக்காகக் கீழைக் கடற்பகுதியிலேயே தங்கிவிட்டார். 1769 ஜூன் 4 காலை, புதுச்சேரியில் கருவிகளெல்லாம் தயார். சூரியனை மேகம் மூடிக்கொண்டது. 1771-இல் ஊர் திரும்பினால், இறந்துவிட்டார் என்று முடிவுகட்டி அறிவியல் கழகத்தில் அவருடைய இடத்தை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள்.

ஆனால் லெ ஜாந்தீ வெறுங்கையோடு போகவில்லை. கிரகணம் கணிக்கும் முறையை இங்கிருந்த தமிழர் ஒருவரிடம் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30 அன்று நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழர் கணக்கோடும் ஐரோப்பாவில் பெயர்பெற்ற தோபியாஸ் மேயரின் அட்டவணையோடும் ஒப்பிட்டுப் பார்த்தார். தமிழ்க் கணக்கில் 41 நொடி குறைந்தது. மேயரின் கணக்கில் 68 நொடி கூடியது.

அறுபது ஆண்டு கழித்து ஜான் வாரன் என்பவர் சென்னையில் 'கால சங்கலித' என்ற நூலை வெளியிட்டார். புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிப்பவர் ஒருவர் தரையில் சோழிகளை வைத்து, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லியே கிரகணத்தைக் கணித்ததை அவர் அதில் விவரிக்கிறார். சந்திரனுக்கு மட்டும் 248 வாக்கியங்கள். ஒவ்வொரு எழுத்தும் ஓர் எண். கணித்தவருக்கு அதன் கோட்பாடு தெரியாது, முறை மட்டும் கைவந்திருந்தது. 1825-இல் வந்த சந்திர கிரகணத்துக்கு அவர் போட்ட கணக்கில் தொடக்கம் 4 நிமிடமே பிசகியது. நடுப்பொழுது 23 நிமிடமும் முடிவு 52 நிமிடமும் பிசகின.

41 நொடியைச் சொல்லிவிட்டு 52 நிமிடத்தை மறைப்பது வீண்பெருமை. இரண்டையும் சேர்த்துச் சொல்லும்போதுதான் அந்த மரபின் உண்மையான உயரம் தெரிகிறது. காகிதமோ கருவியோ இல்லாமல், நூற்றாண்டுகளாக வாய்வழி வந்த எண்களை வைத்தே இவ்வளவு நெருங்க முடிந்திருக்கிறது.

2. ஒளிக்கும் நேரமாகிறது

வியாழனின் நிலவான அயோ ஏறத்தாழ 42½ மணி நேரத்துக்கு ஒரு முறை வியாழனின் நிழலுக்குள் போய்வரும். 1670-களில் பாரிசில் அதைக் குறித்துவந்த ஓலே ரோமர் ஒரு முரணைக் கண்டார். பூமி வியாழனை விட்டு விலகும் மாதங்களில் கிரகணம் தாமதமாகிறது. நெருங்கும் மாதங்களில் முந்திக்கொள்கிறது. நிலவு அதே வேகத்தில்தான் சுற்றுகிறது, சேதியைக் கொண்டுவரும் ஒளிதான் வழியில் நேரம் எடுத்துக்கொள்கிறது என்று 1676-இல் அவர் அறிவித்தார். பூமியின் சுற்றுப்பாதை விட்டத்தைக் கடக்க ஒளிக்கு 22 நிமிடம் ஆகும் என்பது அவர் கணக்கு. சரியான விடை 17 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. அளவில் பிழை இருந்தாலும், ஒளிக்கு வேகம் உண்டு என்பதை முதலில் காட்டியது ஒரு நிலவின் கிரகணம்தான்.

3. காவலூரில் மங்கிய விண்மீன்

அண்மைக் காலத்துக்கு வருவோம். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு மங்கலான விண்மீனை மறைக்கப்போகிறது என்று கணித்திருந்தார்கள். கோளின் விட்டத்தையும் வளிமண்டலத்தையும் அளக்க அது நல்ல வாய்ப்பு. அமெரிக்காவின் ஜேம்ஸ் எலியட் குழுவினர் 91 செ.மீ. தொலைநோக்கி பொருத்திய விமானத்தில் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிக்கு மேலே பறந்துகொண்டிருந்தார்கள். நம் ஜவ்வாது மலையில், வைணு பாப்பு தேர்ந்தெடுத்து அமைத்த காவலூர் ஆய்வகத்தில், ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் ஒரு மீட்டர் தொலைநோக்கியோடு காத்திருந்தார்கள்.

கணிப்பில் பிசகு இருக்கலாம் என்பதால் விமானத்தில் இருந்தவர்கள் சுமார் 40 நிமிடம் முன்பே பதிவுக் கருவியை ஓடவிட்டார்கள். விண்மீனின் ஒளியளவைப் பேனாமுனை நகரும் தாளில் கோடாக இழுத்துக்கொண்டிருந்தது. கோள் விண்மீனை எட்ட இன்னும் அரைமணி நேரத்துக்கு மேல் இருக்கையிலேயே கோடு சட்டென்று கீழே இறங்கி மீண்டும் ஏறியது. மேகமோ, கருவிக் கோளாறோ என்று ஐயப்பட்டார்கள். அது மீண்டும் மீண்டும் நடந்தது. மொத்தம் ஐந்து முறை. பிறகு கோள் விண்மீனை மறைத்து விலகியது. அதன் மறுபக்கத்திலும் அதே ஐந்து இறக்கங்கள், தலைகீழ் வரிசையில். இருபுறமும் ஒரே தொலைவில் ஒளியை மறிப்பது வளையமாகத்தான் இருக்க முடியும்.

காவலூரில் கோளின் மறைப்பு தெரியவில்லை. ஆனால் விண்மீன் மங்கியது தெளிவாகப் பதிவானது. அதைப் புதிய துணைக்கோள் என்று அவர்கள் முதலில் கருதினார்கள். அவர்களிடம் இருந்த பதிவைக்கொண்டு அப்படி நினைப்பதே நியாயம். மற்ற இடங்களின் பதிவுகளோடு பொருத்திப் பார்த்தபோதுதான் அதுவும் வளையத்தின் வேலை என்று விளங்கியது. ஓரிடத்துப் பதிவு துணைக்கோள் என்றது. பல இடத்துப் பதிவுகள் சேர்ந்து வளையம் என்றன.

மூன்று நூற்றாண்டாக வளையம் உள்ள ஒரே கோள் சனிதான் என்று பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. அன்றோடு அந்த வரி செல்லாததாகிவிட்டது. யுரேனஸ் வளையங்கள் கரியைப்போல் இருண்டவை. பெரும்பாலானவற்றின் அகலம் சில கிலோமீட்டர்தான். 250 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் அவற்றை அன்றைய தொலைநோக்கிகளால் படம்பிடிப்பது மிகக் கடினம். ஒன்பது ஆண்டு கழித்து, 1986 ஜனவரியில் வாயேஜர் 2 விண்கலம் அருகே போய்ப் படமெடுத்தது. இன்று தெரிந்த வளையங்கள் 13.

4. நிழலும் ஏமாற்றும்

மறைப்பு சொல்வதெல்லாம் அப்படியே உண்மையாகிவிடாது. 1972 ஜூன் 7 அன்று வியாழனின் நிலவான கானிமீட் ஒரு விண்மீனை மறைத்தது. காவலூரும் ஜாவாவின் லெம்பாங்கும் அதைப் பதிவுசெய்தன. கானிமீடுக்கு வளிமண்டலம் உண்டு என்ற முடிவு வந்தது. 1979-இல் வாயேஜர் போய்ப் பார்த்தபோது, சொல்லப்பட்ட அளவுக்கு அங்கே காற்றில்லை. பின்னர் ஹபிள் தொலைநோக்கி மிக மிக மெல்லிய ஆக்சிஜன் உறை இருப்பதைக் கண்டது.

புளூட்டோவில் நடந்தது வேறு. 1988 ஜூன் 9 அன்று அது ஒரு விண்மீனை மறைத்தபோது ஒளி பட்டென்று அணையாமல் படிப்படியாகத் தேய்ந்தது. வெறும் பாறை ஒளியை அப்படிக் குறைக்காது. அங்கே மெல்லிய வளிமண்டலம் இருப்பது அப்போது உறுதியானது. 2015-இல் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் அதை நேரில் கண்டது.

2013-இல் இன்னொரு வியப்பு. சனிக்கும் யுரேனசுக்கும் இடையே சுற்றும் காரிக்லோ என்ற சிறுபொருளின் விட்டம் சுமார் 250 கி.மீ. அது விண்மீனை மறைத்தபோது, அதற்கு முன்னும் பின்னும் ஒளி மங்கியது. அந்தச் சிறு உலகத்துக்கும் இரண்டு வளையங்கள்! வளையம் அணிய ராட்சதக் கோளாக இருக்க வேண்டியதில்லை என்று அன்று தெரிந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது 2017 ஜூலை 17 இரவு. 600 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும், பின்னாளில் அரோகாத் என்று பெயரிடப்பட்ட சிறுபொருளின் நிழல் அர்ஜெண்டினாவின் படகோனியா மேல் விழவிருந்தது. ஆய்வாளர்கள் நிழற்பாதைக்குக் குறுக்கே 24 தொலைநோக்கிகளை வரிசையாக நிறுத்தினார்கள். ஊர்க்காரர்கள் தெருவிளக்குகளை அணைத்தார்கள்; தொலைநோக்கி காற்றில் ஆடாமலிருக்க லாரிகளைத் தடுப்பாக நிறுத்தினார்கள். ஐந்து தொலைநோக்கிகளில் மட்டுமே விண்மீன் மறைந்தது. அந்த ஐந்து பதிவுகளின் நீளத்தை வைத்தே, அது இரண்டு பந்துகள் ஒட்டியது போன்ற வடிவம் என்று ஊகித்தார்கள். 2019 புத்தாண்டு நாளில் நியூ ஹொரைசன்ஸ் அனுப்பிய படம் அந்த ஊகத்தை மெய்ப்பித்தது.

5. பாபிலோனில் எழுதி வைத்த ஒரு வரி

கடைசியாக, நாம் நிற்கும் இந்தப் பூமியைப் பற்றி. கி.மு. 136 ஏப்ரல் 15 அன்று பாபிலோனில் முழுச் சூரிய கிரகணம் தெரிந்ததாகக் களிமண் பலகையில் எழுதியிருக்கிறார்கள். பூமி இன்று சுழலும் அதே வேகத்தில் அன்றும் சுழன்றிருந்தால், அந்த நிழல் பாபிலோனில் விழுந்திருக்காது. வெகுதூரம் மேற்கே விழுந்திருக்கும். இடைவெளி ஏறத்தாழ மூன்றேகால் மணி நேரம். பூமியின் சுழற்சி மெல்ல மெல்லக் குறைந்துவருகிறது என்பதற்கு இது சான்று. கடல் ஓதங்களின் இழுவையே அதற்கு முதன்மைக் காரணம். அதே ஓதங்களால் நிலாவும் ஆண்டுக்கு 3.8 செ.மீ. விலகிச் செல்கிறது. சுமார் 60 கோடி ஆண்டுக்குப் பின் அது சூரியனை முழுதாக மறைக்க முடியாத தொலைவுக்குப் போய்விடும்.

அந்தக் களிமண்ணில் எழுதியவருக்கு ஓதமும் தெரியாது, பூமி சுழல்வதும் தெரியாது. கண்டதைக் கண்டபடி, நாளும் பொழுதும் பிசகாமல் எழுதினார். அதன் பயன் இரண்டாயிரம் ஆண்டுக்குப் பின் வந்தவர்களுக்குக் கிடைத்தது. இன்று நான் சொன்னவற்றின் சாரமும் அதுதான். வானியலில் கருவி பெரிதாக இருந்தால் நல்லது. ஆனால் சரியான இடத்தில் நின்று, சரியான நேரத்தைக் குறித்து, அதைப் பிறரோடு ஒப்பிட்டுப் பார்க்கும் மனம் இல்லாவிட்டால் எந்தக் கருவியாலும் பயனில்லை.

மாணவர்களே, 2031 மே 21 அன்று நண்பகல் கடந்த வேளையில், மதுரை உள்ளிட்ட தென்மாவட்டங்களில் வளையச் சூரிய கிரகணம் தெரியப்போகிறது. 2019 டிசம்பரில் கோவையிலும் திண்டுக்கல்லிலும் பார்த்த அதே வகை. அன்று கதவைச் சாத்திக்கொண்டு உட்காராதீர்கள். வெறுங்கண்ணால் பார்க்கவும் கூடாது. தரச் சான்று பெற்ற வடிகட்டி வேண்டும், அல்லது ஊசித்துளை வழியே திரையில் விழும் உருவமே போதும். வளையம் தோன்றிய நொடியையும் உடைந்த நொடியையும், நின்ற இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பாதையின் நடுவில் ஒரு பள்ளி, வடக்கு விளிம்பில் ஒன்று, தெற்கு விளிம்பில் ஒன்று என்று பிரித்துக்கொண்டு நின்றால் இன்னும் சிறப்பு. விளிம்புகளிலிருந்து எடுத்த இத்தகைய நேரக் குறிப்புகளைக்கொண்டு சூரியனின் விட்டத்தையே கணக்கிடுகிறார்கள். உங்கள் கணக்கு சில நொடி பிசகினால் அந்தப் பிசகையும் சேர்த்தே எழுதி வையுங்கள்.