பணயமும் ஆட்டமும்



கொல்ப் தொலைக்காட்சிக்கென்று பிறந்த விளையாட்டன்று. பரந்த புல்வெளியிலே பதினெட்டுக் குழிகளை நாடிப் பல மணி நேரம் நடந்து ஆடும் ஆட்டம் அது. ஆயினும், தலைசிறந்த வீரர் இருவரையோ நால்வரையோ அழைத்து, சுற்றுப்போட்டி எதனையும் சாராத தனி ஆட்டமொன்றை ஆடச்செய்து, அதனைத் திரையிற் காட்டும் வழக்கம் அமெரிக்காவிலே அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நிலவி வருகிறது. இக்காட்சி ஆட்டங்களால் வீரரின் தரவரிசை உயர்வதுமில்லை, தாழ்வதுமில்லை. அவ்வாறாயின் அங்கே பணயமாக நிற்பது யாது?

1964ஆம் ஆண்டிலே, ஷெல் எண்ணெய் நிறுவனத்தின் ஆதரவில் அமைந்த தொடருக்காக, பென் ஹோகனும் சாம் ஸ்னீட்டும் ஹூஸ்டன் நகரில் எதிர்த்து ஆடினர். இருவரும் ஐம்பதைக் கடந்தவர்கள். ஹோகனோ 1949இல் நேர்ந்த மோட்டார் விபத்தில் எலும்புகள் முறிந்து, மீண்டெழுந்தவர். கமெராக்களை இடம் மாற்றும்வரை வீரர் காத்துநிற்க வேண்டிய காலம் அது. அத்தனை தடையிலும் ஹோகனின் பந்து சீர்செய்த புற்பாதையை விட்டு ஒரு தடவையேனும் விலகவில்லை. குழியைச் சூழ்ந்த மென்புற்றரையை ஒவ்வொரு முறையும் உரிய அடிக்கணக்கிலே சென்றடைந்தது. அவர் 69 அடிகளில் முடித்தார், ஸ்னீட் 72. அந்த ஆட்டத்தை இன்றும் வியந்து பேசுவோர் அதன் பரிசுத்தொகையைப் பற்றிப் பேசுவதில்லை.

பின்னர் காலம் மாறியது. 1983இலே அரிசோனா மாநிலத்தில் ஆர்னல்ட் பாமர், ஜாக் நிக்லஸ், கரி பிளேயர், டொம் வாட்சன் என்னும் நால்வர் கூடினர். ஒவ்வொரு குழிக்கும் ஒரு விலை குறிக்கப்பட்டது. குழியைத் தனித்து வென்றவருக்கே அப்பணம். எவரும் தனித்து வெல்லாவிடின், அது அடுத்த குழியின் பணத்தோடு சேரும். மொத்தம் 3,60,000 டொலர். அதில் 1,70,000 டொலரைப் பிளேயர் பெற்றார். பணமே கதையின் நாயகனாகியது.

அக்கதை உச்சத்தை அடைந்தது 2018 நவம்பரில். லாஸ் வேகாஸ் நகரிலே டைகர் வூட்ஸ், பில் மிக்கெல்சன் ஆகிய இருவரும் ஆடினர். வென்றவருக்கு 90 இலட்சம் டொலர், தோற்றவருக்கு ஒன்றுமில்லை. பதினேழாம் குழியிலே புற்றரைக்கு வெளியிலிருந்து பந்தை நேரே குழிக்குள் வீழ்த்தி வூட்ஸ் சமன்செய்தார். பதினெட்டிலும் முடிவு காணாது, விளக்கொளியிலே ஆட்டம் தொடர்ந்தது. கூடுதலான குழிகளுள் ஒன்றில், வூட்ஸ் இன்னும் சில அடி தூரம் பந்தை உருட்டவேண்டியிருந்தது. அது தவறியிருப்பின் வெற்றி மிக்கெல்சனுடையது. அவரோ அந்த அடியை எதிராளிக்கு விட்டுக்கொடுத்தார். இறுதியில், இருபத்திரண்டாம் குழியில் வென்றார். அது பெருந்தன்மையே. எனினும், அப்பணம் அவர்தம் சொந்தப் பணமாயின் அவ்வாறு விட்டிருப்பாரோ என்று வினவுவோரையும் நாம் குறைகூற இயலாது.

2020 மே மாதத்திலே அவ்விருவரும் மீண்டும் எதிர்நின்றனர். வூட்ஸுக்குத் துணை பெய்ற்றன் மனிங். மிக்கெல்சனுக்குத் துணை டொம் பிரேடி. துணைவர் இருவரும் அமெரிக்கக் காற்பந்தாட்ட வீரர்கள். கொள்ளைநோய்க் காலமாதலின் பார்வையாளர் எவருமில்லை, மழையும் பெய்தது. அந்த ஆட்டத்தால் நோய் நிவாரணத்துக்கு இரண்டு கோடி டொலர் திரண்டது. பந்தைப் பலமுறை தவறவிட்ட பிரேடி, ஏழாம் குழியிலே தொலைவிலிருந்து அடித்த பந்து குழிக்குள் வீழ்ந்தபோது, பார்த்தவர்கள் தம்மை மறந்து மகிழ்ந்தனர்.

நேயர்களே, பணயத்தின் பருமன் ஆட்டத்தைப் பெரிதாக்குவதில்லை. ஹோகனிடம் இழப்பதற்குத் தம் பெயர் இருந்தது. 2020இலே ஆடியவர்களுக்குப் பிறருடைய துயர் துடைக்கும் நோக்கமிருந்தது. ஆடுபவன் உண்மையாகவே பொருட்படுத்தும் ஒன்று களத்தில் இருந்தால், காண்பவனும் அதனைப் பொருட்படுத்துவான். அஃதில்லாதவிடத்து, கோடிகளை அடுக்கினாலும் நாம் காண்பது வெறும் காட்சியே.