கம்பிக்கும் ஆயுசு உண்டு

சாந்திபுரத்தில் ஒரு வீட்டுச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்த கிட்டாரைக் கழற்றி எடுத்துக்கொண்டு, காலேஜில் படிக்கிற பையன் ஒருவன் இந்த உரையாளரிடம் வந்தான்.

"அண்ணா, இது கெட்டுப்போச்சு. சுருதியே நிக்கல. வித்துட்டு வேற வாங்கலாம்னு இருக்கேன்."

"தீக மாத்தி எத்தனை நாளாச்சு தம்பி?"

"மாத்தணுமா?"

சாந்திபுரம் இருக்கிற, ஆந்திர எல்லைக் குப்பம் பக்கம் தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் குடித்தனம் நடத்தும். அங்கே தந்தி என்றாலும் தீக என்றாலும் கம்பி என்றாலும் ஒன்றுதான். கடைக்காரர் மாட்டிக் கொடுத்த அதே கம்பிகள் இரண்டு வருஷமாக அந்தக் கிட்டாரில் கிடந்தன. மூன்றாவது கம்பியின் அடியில் நகத்தை வைத்து மெல்ல ஓட்டச் சொன்னார் உரையாளர். ஒவ்வொரு ஃப்ரெட்டுக்கும் மேலே நகம் தடுக்கியது. ஃப்ரெட் என்பது வீணைக்காரர்கள் மெட்டு என்று சொல்வதுதான். அந்த மெட்டின்மேல் அழுந்தி அழுந்திக் கம்பியில் பள்ளம் விழுந்திருந்தது. வெண்கலச் சுற்று கருத்துப்போய், துடைத்த துணியும் கருத்தது.

கிட்டாருக்கு ஒரு குறையும் இல்லை. கம்பிதான் செத்திருந்தது. கம்பி செத்தால் கிட்டார் செத்ததாகாது. நேயர்கள் இந்த ஒரு வாக்கியத்தை மறக்காமல் இருந்தால் போதும், பல கிட்டார்கள் பரணுக்குப் போகாமல் தப்பிக்கும்.

இன்று ஊர் ஊராக நடப்பது வேறு. ஓசை மங்கினால் புதுக் கிட்டார். அதுவும் மங்கினால் ஓசையை மாற்றும் பெடல், அதற்கு மேல் இன்னொரு பெடல். கைப்பேசியில் சுருதி காட்டும் செயலி பச்சை விளக்கைக் காட்டிவிட்டால் எல்லாம் சரி என்று ஒரு நிம்மதி. எங்கும் அழுத்தாத திறந்த கம்பிக்கு அந்தப் பச்சை விளக்கு உண்மையைச் சொல்லலாம். அதே கம்பியைப் பன்னிரண்டாவது மெட்டில் அழுத்தி மீட்டிப் பார்க்க வேண்டும். அங்கே சரியாக மேல் ஸ்தாயி வந்து நிற்க வேண்டும். அழுக்கு ஒரு பக்கம் ஏறி, பள்ளம் ஒரு பக்கம் விழுந்த கம்பியில் எடை சீராக இருப்பதில்லை, அதனால் சுரம் விலகும். கீழே சரி, மேலே பிசகு என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கம்பியைத்தான்.

வட இந்தியாவில் கிட்டார் எடுக்கிற பிள்ளைகள் பலர் 'நீலே நீலே அம்பர் பர்' பாட்டில்தான் தொடங்குகிறார்கள். 1983-இல் வந்த அந்தப் பாட்டுக்குத் தாய்வீடு தமிழ். 1982-இல் 'பயணங்கள் முடிவதில்லை' படத்தில் இளையராஜா போட்ட 'இளைய நிலா'. அதில் கிட்டார் வாசித்தவர் சந்திரசேகர். பாடிய எஸ்.பி. பாலசுப்ரமணியம் திருப்பதியில் பி.யூ.சி. படித்தவர், ஆகவே இந்தச் சீமைக்கும் அந்தப் பாட்டில் கொஞ்சம் பாத்தியதை உண்டு. அதன் தொடக்கத்தில் சுரங்கள் கும்பலாக வருவதில்லை. ஒவ்வொரு கம்பியும் தனியாக ஒலித்து, அடுத்தது வந்த பிறகும் காற்றில் நிற்கும். செத்த கம்பியில் அதை வாசித்தால் தகரத்தில் மழை பெய்தது போலிருக்கும்.

ஆனாலும் கம்பியின் யோக்கியதையைக் காட்டிக்கொடுப்பதில், சுரத்தை அசைத்து இசைக்கும் கமகத்துக்கு இணை கிடையாது. இங்கே இந்த உரையாளருக்கு ஒரு பட்சபாதம் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. பழைய சென்னை–பெங்களூரு சாலையில் ராணிப்பேட்டையைத் தாண்டினால் சித்தூர். அந்த ராணிப்பேட்டையில் 1970-இல் பிறந்தவர் கிட்டார் பிரசன்னா. சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் பொறியியல் படித்தவர். திருவாரூர் பாலசுப்ரமணியத்திடமும் வயலின் மேதை ஏ. கன்யாகுமாரியிடமும் சங்கீதம் கற்றவர். பிறகு பாஸ்டனில் பெர்க்லி இசைக் கல்லூரிக்கும் போனவர். அவருக்கு முன்பே சுகுமார் பிரசாத் எலக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடகக் கச்சேரி செய்து வழி போட்டிருந்தார். இருந்தும் பிரசன்னாவின் விரல்தான் இந்த உரையாளரின் காதில் தங்கிவிட்டது. ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்குக் காணிக்கையாக 'எலக்ட்ரிக் கணேஷா லேண்ட்' என்று இசைத்தொகுப்பு போட்டவரும் அவரே. அந்தக் கை தோடி ராகத்துக்கு வரும்போது எப்படி மாறுகிறது என்று கேட்க வேண்டும்.

தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது, அசைந்துகொண்டே இருக்கும். மெட்டு வைத்த வாத்தியத்தில் அந்த அசைவுக்கு இரண்டு வழி: கம்பியின் நீளத்தில் விரலை வழுக்கிப் போவது, அல்லது கம்பியைப் பக்கவாட்டில் இழுப்பது. வீணை எஸ். பாலசந்தர் ஒரே மெட்டில் நின்று எத்தனை சுரத்தை இழுத்து எடுத்தார் என்பதைக் கேட்டவர்களுக்கு விளக்க வேண்டாம். கிட்டாரிலும் அதே இழுப்புதான். இழுத்த கம்பியை விட்டதும் அது புறப்பட்ட சுரத்துக்கே திரும்ப வேண்டும். இம்மி குறைந்து திரும்பினால் ராகமே கெட்டுவிடும். அப்படிக் குறைவதற்குப் பல சமயம் காரணம், கிட்டாரின் தலையில் கீ இருக்கிற இடம், அதாவது வீணையின் பிருடைக்கு நிகரான இடம். அங்கே தளர்வாகச் சுற்றிய சுற்று, இழுக்க இழுக்க இறுகி, கம்பியை நழுவ விடுகிறது.

ஆகவே சுற்று. இதை நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் பழைய கம்பியை முழுக்கத் தளர்த்த வேண்டும். விறைப்பாக இருக்கும்போது கட்டரை வைக்கக் கூடாது. எஃகுக் கம்பி கிட்டாரில் ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ விசையோடு இழுத்துக்கொண்டிருக்கின்றன, கிட்டத்தட்ட ஒரு நெல்மூட்டை. வெட்டினால் முனை முகத்துக்கு வரும். ஆறையும் ஒரே சமயத்தில் கழற்றினால் கிட்டார் உடைந்துவிடாது. இருந்தாலும் ஒவ்வொன்றாக மாற்றுவதுதான் இந்த உரையாளரின் வழக்கம், சுருதிக்குத் துணையாக ஐந்து கம்பிகள் கூடவே இருக்கும்.

பிரிட்ஜில் இருக்கும் முளையைப் பிடுங்கிவிட்டு, புதுக் கம்பியின் குண்டு முனையைத் துளைக்குள் விட வேண்டும். முளையில் ஒரு காடி இருக்கும். அது கழுத்தைப் பார்த்து நிற்கட்டும். முளையை அழுத்தும்போதே மறு கையால் கம்பியை மேலே இழுக்க வேண்டும். உள்ளே குண்டு போய்ப் பலகையில் மாட்டிக்கொண்ட அந்தச் சின்ன "டக்" விரலுக்குத் தெரியும். அது தெரியாவிட்டால் குண்டு முளையின் நுனியில் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள், சுருதி ஏற்றும்போது முளை எகிறும்.

மறுமுனையில் கம்பியைக் கீயின் துளைக்குள் இழுத்துவிட்டு, அடுத்த கீ வரை எட்டுகிற அளவுக்கு, சுமார் இரண்டு அங்குலம், தொய்வு விட வேண்டும். தடித்த கம்பிக்கு இரண்டு சுற்று, மெல்லிய கம்பிக்கு மூன்று அல்லது நான்கு. ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றுக்குக் கீழே விழ வேண்டும். மேலே ஏறக் கூடாது, ஒன்றன்மேல் ஒன்று புரளக் கூடாது. கீழே, கீழே, கீழே. அப்போதுதான் கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் நட்டைத் தாண்டிய கம்பி நல்ல சாய்வில் அழுந்தி நிற்கும். பிறகு கம்பியை நடுவில் பிடித்து மெல்ல மேலே இழுத்துவிட்டு, இறங்கிய சுருதியை ஏற்ற வேண்டும். மறுபடி இழுக்க வேண்டும், மறுபடி ஏற்ற வேண்டும். இழுத்தாலும் இறங்காத நிலை வரும்வரை. சுருதிக்கு எப்போதும் கீழேயிருந்து ஏறி வந்து நிற்பதே முறை. மேலே போய்விட்டால் நன்றாக இறக்கிவிட்டு மறுபடி ஏறி வர வேண்டும். முறுக்கும்போது நட்டில் "டிங்" என்று சத்தம் வந்தால் காடியில் கம்பி சிக்குகிறது. பென்சில் நுனியால் அந்தக் காடியில் கொஞ்சம் கரி தேய்த்தால் வழுக்கும்.

வீணைக்காரர்களோடு ஒப்பிட்டால் கிட்டார்காரர்கள் பாக்கியசாலிகள். வீணையின் 24 மெட்டுகளும் மெழுகில் நிற்பவை. அவை பிசகினால் மேளம் கட்ட, அதாவது மெட்டுகளை மறுபடி சரியாக நிறுத்தத் தெரிந்த கைவினைஞரைத் தேடிப் போக வேண்டும். கிட்டாரின் மெட்டு மரத்திலேயே இறங்கி உட்கார்ந்திருக்கிறது. கம்பி மாற்றுவது ஒரு மணி நேர வேலை, அதையும் வீட்டுத் திண்ணையிலேயே செய்துவிடலாம்.

வீணையிடமிருந்து வந்த ஒரு பழக்கம் மட்டும் வேண்டாம். உரையாளரின் அத்தை வீணை வாசிப்பவர். மீட்டும் முன் இடது கை விரலில் தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொள்வார். அதைப் பார்த்து வளர்ந்த உரையாளர் தன் முதல் கிட்டாருக்கும் தடவினார். சுற்றுக்கம்பியின் இடுக்கில் எண்ணெய் புகுந்து, தூசியைச் சேர்த்துக்கொண்டு, ஒரே மாதத்தில் ஓசை அடைத்துப்போனது. அதைவிடப் பெரிய பாடமும் அதே கிட்டாரில்தான். அது நைலான் கம்பிக்கான கிட்டார். ஒரு கடையில் எஃகுக் கம்பி மாட்டிக் கொடுத்தார்கள். நைலானைவிட எஃகு பெருமளவு அதிக விசையில் இழுக்கும். சில வாரங்களில் பிரிட்ஜின் பின்பக்கம் பலகையிலிருந்து எழும்பிவிட்டது. நைலான் கிட்டாருக்கு எஃகு கூடாது. இன்னொரு முறை சொன்னாலும் தகும்: நைலான் கிட்டாருக்கு எஃகு கூடவே கூடாது.

1997-இல் எலிக்ஸர் என்ற பெயரில் மெல்லிய பூச்சுப் போட்ட கம்பி வந்தது. வியர்வை உள்ளே இறங்காது, ஆயுசு கூடும், உண்மைதான். விரலுக்கு அது சோப்பு போல வழுக்குவது இந்த உரையாளருக்குப் பிடிக்கவில்லை. பூச்சில்லாத பாஸ்பர் வெண்கலக் கம்பியே போதும். வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துண்டால் மேலே மட்டுமல்ல, கம்பியின் அடியிலும் துடைத்துவிட்டால் அது கொடுத்த காசுக்கு உழைக்கும்.

மரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1969-இல் பிரேசில் ரோஸ்வுட்டை விட்டுவிட்டு இந்திய ரோஸ்வுட்டுக்கு வந்தது. அது மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நம் ஈட்டி மரம். ஈட்டியானாலும் மரத்துக்கு வெயில் ஆகாது. திருப்பதியில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் காரின் பின்சீட்டில் கிட்டாரை விட்டுப் போனால் பசை இளகும். காற்றில் ஈரப்பதம் 45-இலிருந்து 55 சதவீதம் வரை இருந்தால் மரத்துக்குச் சுகம். வறண்ட நாட்களில் சுவர் ஆணியைவிட மூடிய பெட்டியே நல்லது.

அந்தப் பையனின் கிட்டாரில் ஆறாவது கம்பியும் ஏறி முடிந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. மறுநாள் காலை, "அண்ணா, சுருதி இறங்கிடுச்சு" என்று அழைத்தான். புதுக் கம்பி ஓரிரு நாள் இறங்கும், ஏற்றிக்கொள் என்றார் உரையாளர். மூன்றாம் நாள் அழைப்பு வரவில்லை. கீயின் அருகே நறுக்கிப் போட்ட முனைகள் ஊசி போலிருக்கும், வீட்டில் வெறுங்காலோடு குழந்தைகள் நடப்பார்கள். கம்பி மாற்றிய அன்றே அவனிடம் அவற்றையும் எண்ணிப் பொறுக்கச் சொல்லியிருந்தார். ஆறு முனை, ஆறும் கிடைத்தாயிற்று.