இளைப்பை ஒளிக்காதீங்க

நான் கிராம சுகாதாரச் செவிலியர்.

அறிவொளிக் காலத்திலே கல்குவாரியைக் குத்தகைக்கு எடுத்து நடத்திய பெண்கள் உள்ள மாவட்டம் நம் புதுக்கோட்டை. கல் தூசியும் விறகடுப்புப் புகையும் நமக்குப் புதுசில்லை. அதனாலேயே இருமலைப் பெரிசா எடுத்துக்கிறதில்லை. ராத்திரியும் விடியக்காலையும் இருமல், மூச்சு விடும்போது விசில் சத்தம், நெஞ்சு இறுக்கம் இதெல்லாம் வந்து வந்து போனால் ஆஸ்துமாவா என்று காட்டிப் பார்க்கணும். மூச்சுக்குழாய் வீங்கிச் சுருங்குவதுதான் ஆஸ்துமா, ஒட்டுவாரொட்டி இல்லை. குவாரி வேலை பார்த்தவங்க அதையும் டாக்டரிடம் சொல்லணும், கல் தூசியால் வரும் நுரையீரல் நோய் வேறே.

ஒரு வீட்டிலே புது மருமகள், மாமியாருக்குத் தெரியக் கூடாதுன்னு இன்ஹேலரை அரிசிப் பானைக்குள்ளே ஒளிச்சு வச்சிருந்தா. நடுராத்திரி இளைப்பு வந்தப்போ எடுத்துக் கொடுக்க ஆளில்லை. நல்லவேளை, பிழைச்சுக்கிட்டா. இன்ஹேலர் பழகிப்போயிடும் என்பது வீண் பேச்சு. மாத்திரையைவிடக் குறைந்த மருந்து நேரே மூச்சுக்குழாய்க்குப் போகுது. தினமும் இழுக்கச் சொன்ன தடுப்பு இன்ஹேலரை, நல்லா இருக்கோம்னு நீங்களா நிறுத்தக் கூடாது.

பேச்சு துண்டு துண்டாக வருதா, விலா உள்ளே இழுக்குதா, உதடு நீலம் பாயுதா? உடனே 108. படுக்க வைக்காதீங்க, நிமிர்த்தி உட்கார வையுங்க. டாக்டர் கொடுத்த சால்பூட்டமால் இன்ஹேலரை ஒவ்வொரு அழுத்தாக, இடைவெளி விட்டுக் கொடுங்க. ஆள் சோர்ந்து கிடக்கும்போது விசில் சத்தம் நின்னுட்டா குணமாயிடுச்சுன்னு நினைக்காதீங்க. காற்றே உள்ளே போகலைன்னு அர்த்தம். வண்டி ஏறும்போது அந்த இன்ஹேலரையும் கையோடு எடுத்துக்கோங்க.