பட்டயம் பட்டமானபோது: ஆத்தூர் கருத்தரங்கின் தலைமை உரை

என் ஆசிரியர் தலைமுறையைச் சேர்ந்த பெரியவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்க, தலைமைப் பொறுப்பை எனக்குத் தந்திருக்கிறீர்கள். பெருமையாக இருக்கிறது, படபடப்பும் கொஞ்சம் இருக்கிறது.

கல்வியும் வேலைச் சந்தையும் என்பது நம் பொருள். படிப்பு திறனை வளர்க்கிறது என்னும் பெக்கரின் மனித மூலதனக் கோட்பாடும், சான்றிதழ் திறனுக்கு அடையாளம் என்று ஸ்பென்ஸ் 1973இல் எழுதிய சமிக்ஞைக் கோட்பாடும் நீங்கள் வகுப்பில் நடத்துபவைதாம். இன்றைய நிலவரத்தைக் கட்டுரையாளர்கள் விரிவாகச் சொல்வார்கள். நான் இந்த ஆத்தூர் வட்டாரத்திலேயே நடந்த ஒன்றைப் பற்றிப் பேச அனுமதி வேண்டுகிறேன்.

சௌந்தரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய காந்திகிராமத்தில், 1956இல் கிராமிய உயர்கல்வி நிலையம் வந்தது. அது தந்தது பட்டமன்று, ஊரகப் பணிப் பட்டயம். மத்திய அரசு தன் வேலைகளுக்கு அதைப் பட்டத்துக்கு இணையாக ஏற்றது. ஆனாலும் அந்தத் தாளுக்குப் பட்டத்தின் மதிப்பு வெளியே கிடைக்கவில்லை. 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகி, அந்நிறுவனமே பட்டம் வழங்கத் தொடங்கியது.

பாடத்திட்டம் காலத்துக்கு ஒவ்வாததால்தான் பட்டயம் எடுபடவில்லை என்று நான் மதிக்கும் அறிஞர்கள் சிலர் நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள். அவர்கள் உழைப்புக்குத் தலைவணங்குகிறேன். முடிவை ஏற்க முடியவில்லை. கிராமத்தில் தங்கி வேலை கற்ற மாணவரிடம் திறமை இருந்திருக்கலாம். அதைப் படித்தறியும் பழக்கம் வேலை கொடுப்பவரிடம் இல்லை.

ஸ்பென்ஸின் வாதத்தில் நாம் தாண்டிப்போகும் பகுதி இதுதான். முதலாளி ஒருவரை வேலைக்கு எடுக்கிறார், அவர் எப்படி வேலை செய்கிறார் என்று கவனிக்கிறார், சான்றிதழைப் பற்றிய தம் எண்ணத்தைத் திருத்திக்கொள்கிறார். அரசு வேலையில் இந்தத் திருத்தம் நடப்பதில்லை. எந்தப் படிப்பு எதற்கு இணை என்பதை அரசாணை சொல்லிவிடுகிறது. பணியில் சேர்ந்தவர் எப்படி வேலை செய்கிறார் என்பது அந்த ஆணையைத் தொடுவதே இல்லை. அங்கே சான்றிதழ் சமிக்ஞையன்று, நுழைவுச் சீட்டு. 2019இல் தமிழ்நாடு சட்டமன்றச் செயலகத்தின் 14 துப்புரவுப் பணியிடங்களுக்கு 4,000க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர், பொறியாளர்களும் இருந்தனர். பட்டத்தின் சமிக்ஞை மங்கிவிட்டதற்கு இதைச் சான்றாகக் காட்டுகிறோம். அந்த வேலைக்குப் பட்டம் தகுதியே அல்லவே! எதைச் சமிக்ஞை செய்ய முடியும்? அவர்களை அங்கே கொண்டுவந்தது அரசு வேலையின் பாதுகாப்பு.

பொருளியலாளர்கள் பிளாக், லேயார்ட், உட்ஹால் மூவரும் இந்தியப் பட்டதாரிகளின் வேலையின்மை பற்றி 1969இலேயே நூல் எழுதினார்கள். அவர்கள் கணக்குப்படி, படித்தவர் வேலைக்குக் காத்திருந்தாலும் படிப்பு அவருக்கு லாபமாகவே இருந்தது, செலவில் பெரும்பங்கை அரசு சுமந்ததால். நம்மைப் பற்றியே எழுதிய அந்நூலை ஒதுக்கிவிட்டு, ஸ்பென்ஸையே மேற்கோள் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

காந்திகிராமம் நமக்கு அரிய சோதனைக்களம். ஒரே வளாகம், 1976க்கு முன் பட்டயம், பின் பட்டம். பாடமும் ஓரளவு மாறியது என்று மறுப்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன், அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டே ஒப்பிட முடியும். பட்டயம் பெற்றோர் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். என்ன வேலைக்குப் போனார்கள், என்ன சம்பளம் வாங்கினார்கள், எங்கே திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்பதை அவர்கள் வாயால் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். இக்கருத்தரங்கு முடிவதற்குள் அதற்கு ஒரு குழு அமையுங்கள் என்று ஆய்வு மாணவர்களையும் துறைத் தலைவர்களையும் வேண்டிக்கொள்கிறேன்.