கட்டளைக்கு முன் கேள்வி



திருக்குறளின் பொருட்பாலில் இறைமாட்சிக்கு அடுத்தபடியாக நிற்கும் அதிகாரம் கல்வி. அதன் பின் கேள்வியும் காலமறிதலும் வருகின்றன. படைமாட்சியும் படைச்செருக்குமோ 77ஆம், 78ஆம் அதிகாரங்களாக வெகு பின்னேதான் இடம்பெறுகின்றன. கேள்வி என்பது இங்கே வினாவன்று, செவிவழியாகப் பெறும் அறிவு. ஆணையிடுபவர் முதலில் கற்கவும், பிறர் சொல்வதைச் செவிகொடுத்துக் கேட்கவும், காலம் தவறாமல் செயற்படவும் வேண்டும் என்ற இந்த வைப்புமுறை, இலங்கைப் படை அதிகாரிகளின் பயிற்சியை அளப்பதற்கும் ஏற்ற அளவுகோலாகும்.

1949 ஒக்டோபர் 10இல் இலங்கை இராணுவம் அமைக்கப்பட்டபோது அதன் முதல் தளபதியாக இருந்தவர் ஒரு பிரித்தானியர். 1955இல் அப்பொறுப்பை ஏற்ற முதல் இலங்கையரோ தமிழரான அன்டன் முத்துக்குமாரு. கொழும்பு புனித சூசையப்பர் கல்லூரியிலும் ஒக்ஸ்போர்டிலும் பயின்று சட்டத்தரணியாகிய பின்னரே படைத்தொழிலில் உயர்ந்த அவர், ஓய்வுக்காலத்தில் இலங்கையின் படை வரலாற்றை நூலாகவும் எழுதினார். ஏடும் வாளும் ஒரே கையில் இருக்கக்கூடும் என்பதற்கு அவரது வாழ்வே சான்று.

தொடக்கத்தில் இளம் அதிகாரிகள் இங்கிலாந்தின் சாண்ட்ஹேர்ஸ்ட் கல்லூரிக்கு அனுப்பப்பட்டனர். பின்னர் அப்பயிற்சி தியத்தலாவையில் வேரூன்றியது. முன்னாள் பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவலை தம் இரத்மலானைத் தோட்டத்தை அளித்ததால் உருவாகி, 1981இன் சட்டத்தால் நிலைபெற்ற பாதுகாப்புக் கல்விக்கழகம், படைப்பயிற்சியோடு பட்டப்படிப்பையும் இணைத்தது. 1997இல் தொடங்கிய கட்டளை மற்றும் பணியாளர் கல்லூரி நடுநிலை அதிகாரிகளுக்குரியது. பணியாளர் என்பது இங்கே தளபதிக்குத் தகவல் திரட்டித் திட்டம் வகுத்துக் கொடுக்கும் அதிகாரியைக் குறிக்கும். மூத்த அதிகாரிகளுக்கான தேசிய பாதுகாப்புக் கல்லூரி 2021இல் திறக்கப்பட்டது. தியத்தலாவை சிறு அணியை நடத்தக் கற்பிக்கிறது என்றால், உச்சப் படி ஒரு நாட்டின் பாதுகாப்பையே எண்ணக் கற்பிக்கிறது.

ஆனால் ஏணி எவ்வளவு உயர்ந்தாலும், கீழிருந்து வரும் சொல் மேலே எட்டாவிட்டால் அந்தக் கல்வி வீணே. இதை உணரக் கொழும்பின் கொச்சிக்கடை வேறெங்கும் போக வேண்டியதில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, புனித அந்தோனியார் திருத்தலத்தில் குண்டு வெடிப்பதற்குப் பல நாள் முன்னரே எச்சரிக்கை அரசின் கைக்கு வந்திருந்தது. அன்றைய ஜனாதிபதியும் பாதுகாப்பு, பொலிஸ், உளவுத்துறைகளின் உயர்பொறுப்பாளர்களும் கடமையில் தவறியதாக உயர் நீதிமன்றம் 2023 ஜனவரி 12இல் தீர்ப்பளித்து, நட்டஈடு செலுத்தப் பணித்தது. அவர்கள் முப்படை அதிகாரிகள் அல்லர். எனினும் அத்தீர்ப்பு கட்டளையிடும் ஒவ்வொருவருக்கும் உரிய பாடம். தகவல் இருந்தது, கேள்வியும் காலமறிதலுமே இல்லாமற் போயின. அதே திருத்தலத்தைக் கடற்படையினர் சீர்செய்து கொடுக்க, அது 2019 ஜூன் 12இல் மீண்டும் திறக்கப்பட்டது. படையினரின் கைத்திறன் எதற்குப் பயன்பட வேண்டும் என்பதையும் இந்த ஊர் கண்டது.

ஆகவே அதிகாரிகளின் பாடத்திட்டத்தில் இரண்டு பயிற்சிகள் ஆயுதப் பயிற்சிக்கு நிகராக அமைய வேண்டும். கசப்பான செய்தியைக் கொண்டுவரும் இளையவரைத் தண்டிக்காமல் கேட்டுப் பதில் சொல்லும் பழக்கம் ஒன்று. சிங்களமும் தமிழும் ஆட்சிமொழிகளாயுள்ள நாட்டில், எதிரே நிற்கும் மனிதரின் மொழியிலேயே அவர் சொல்வதைப் புரிந்துகொள்ளும் திறன் மற்றொன்று. தோளில் ஏறும் நட்சத்திரங்களை எண்ணுவதற்கு முன், செவியில் ஏறிய எச்சரிக்கைகளை எண்ணும் அதிகாரிகளை இந்த நாட்டின் கல்லூரிகள் உருவாக்கட்டும். கொச்சிக்கடை அவர்களிடம் கேட்பது இவ்வளவே.