உரிமம் வரும்வரை உயிர் காத்திருக்குமா?

ஓர் அரசைப் பணிய வைப்பதற்காக, அந்த நாட்டுடனான வணிகத்தையும் பணப் பரிமாற்றத்தையும் பிற நாடுகள் முடக்குவது பொருளாதாரத் தடை. உணவு, மருந்து, நிவாரணப் பணி ஆகியவற்றுக்கு மட்டும் அதில் வழிவிடுவது மனிதாபிமான விதிவிலக்கு. தடை விதிக்கும் அரசுகள் எல்லாம் இந்த விதிவிலக்கைக் காட்டித்தான் தங்கள் கை சுத்தம் என்கின்றன. நிலம் நடுங்கிய நாளில் அது யாருக்கு, எப்போது உதவியது என்பதே அவையோர் முன் வைக்க வேண்டிய கேள்வி.

2023 பிப்ரவரி 6, அதிகாலை 4.17 மணி. துருக்கியின் தெற்கையும் சிரியாவின் வடக்கையும் 7.8 அளவு நிலநடுக்கம் தாக்கியது. இரு நாடுகளிலும் சேர்த்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இடிபாடுகளில் சிக்கியவர்களை உயிரோடு மீட்க முதல் 72 மணி நேரமே முக்கியம் என்பது மீட்புப் படைகள் எல்லாம் அறிந்த பாடம். சிரியா மீதான தடைகளில் நிலநடுக்க நிவாரணத்துக்கு வழிவிடும் பொது உரிமம் 23-ஐ அமெரிக்கக் கருவூலத்துறை வெளியிட்டது பிப்ரவரி 9 அன்று. பிரிட்டன் 15-ஆம் தேதி உரிமம் வழங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 23-ஆம் தேதி தன் விதியைத் தளர்த்தியது. அமெரிக்க உரிமத்தின் ஆயுளோ 180 நாள். ஆகஸ்ட் 8-இல் அது காலாவதியானது. இடிந்த வீடுகள் அந்தத் தேதிக்குள் எழுந்துவிட்டனவா?

உணவுக்கும் மருந்துக்கும் தடையே இருந்ததில்லையே என்று தடையை ஆதரிப்பவர்கள் கேட்கிறார்கள். சட்டத்தில் அப்படித்தான் இருந்தது. ஆனால் சரிந்த கூரையை மாத்திரையால் தூக்க முடியாது. அதற்குக் கிரேன் வேண்டும், மண் அள்ளும் இயந்திரம் வேண்டும், அவை ஓட டீசல் வேண்டும். அமெரிக்க உதிரிபாகங்களின் மதிப்பு பத்து சதவீதத்தைத் தாண்டினால், எந்த நாட்டில் செய்த இயந்திரமும் சிரியாவுக்குப் போக உரிமம் கேட்டு நிற்க வேண்டியிருந்தது.

இயந்திரத்துக்கு முன்னால் பணம் போக வேண்டும். அந்தப் பணம் போகும் பாதையைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். ஒரு தொண்டு நிறுவனம் டாலரில் நிதி அனுப்பினால், பெரும்பாலும் அது நியூயார்க்கில் உள்ள ஓர் இடைநிலை வங்கியைக் கடந்தே போகிறது. படிவத்தில் உள்ள ஒவ்வொரு பெயரையும் கணினி தடைப் பட்டியலோடு ஒப்பிடுகிறது. சிரியா தடைக்குள் இருந்தபோது, 'அலெப்போ' என்ற அதன் நகரத்தின் பெயர் கண்ணில் பட்டாலே பணம் நின்றுவிடும். பிறகு, விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்கும் வங்கியின் கம்ப்ளையன்ஸ் பிரிவிலிருந்து கேள்விகள் வருகின்றன: போர்வை எந்தக் கடையில் வாங்கப்படுகிறது? கடை யாருடையது? லாரி யாருடையது? பதில் போனால் அடுத்த கேள்வி வருகிறது. முடியாது என்று யாரும் எழுதித் தருவதில்லை. பணமும் போவதில்லை.

வங்கியின் அச்சத்துக்குக் காரணம் உண்டு. சூடான், ஈரான், கியூபா மீதான தடைகளை மீறியதற்காக பிஎன்பி பாரிபா வங்கி 2014-இல் அமெரிக்காவுக்குச் சுமார் 890 கோடி டாலர் கட்ட நேர்ந்தது. அதைக் கண்ட எந்த வங்கி, சில டாலர் கமிஷனுக்காகத் துணியும்? தவறாக அனுப்பினால் தண்டனை உண்டு. தவறாக நிறுத்தினால் தண்டனை இல்லை. இந்த ஏற்பாடு மாறாதவரை விதிவிலக்கு ஏட்டுச் சுரைக்காய்தான்.

இது சிரியாவோடு முடிந்த கதையும் அல்ல. 2003 டிசம்பரில் ஈரானின் பாம் நகரம் தரைமட்டமானபோது, நன்கொடை அனுப்ப அமெரிக்கா 90 நாள் உரிமம் தந்தது. 2012 ஆகஸ்ட் 11-இல் ஈரானின் வடமேற்கு குலுங்கியது. உரிமம் பத்து நாள் கழித்து வந்தது, அதுவும் 45 நாளுக்கு. ஒவ்வொரு முறையும் பிணங்கள் விழுந்த பிறகே பேனா திறக்கப்படுகிறது.

ஐ.நா. பாதுகாப்பு அவை 2022 டிசம்பர் 9-இல் நிறைவேற்றிய 2664-ஆம் தீர்மானம் ஒரு நல்ல தொடக்கம். ஐ.நா. விதித்த சொத்து முடக்கங்கள் நிவாரணப் பணிக்குப் பொருந்தா என்று அது நிலையான விதியாக்கியது. பதினான்கு நாடுகள் ஆதரித்தன. பயங்கரவாத அமைப்புகள் இதைத் தவறாகப் பயன்படுத்தும் என்று சொல்லி இந்தியா மட்டும் வாக்களிக்காமல் ஒதுங்கியது. ஆனால் தனி நாடுகள் தாமாக விதிக்கும் தடைகளை அந்தத் தீர்மானம் கட்டுப்படுத்தாது. சிரியாவை இறுக்கியிருந்தவை பெரும்பாலும் அத்தகைய தடைகளே.

நிவாரணம் திசைமாறும் என்ற வாதம் பொய்யல்ல. அப்போது சிரியாவை ஆண்ட அசாத் அரசு உதவியைத் தன் பிடிக்குள் வைத்திருந்தது. எதிரணியின் வசமிருந்த பகுதிக்குத் துருக்கியிலிருந்து கூடுதல் எல்லை வாயில்களைத் திறக்க அது இசைந்ததே பிப்ரவரி 13-இல்தான். அந்தக் குற்றம் அதனுடையது. அதற்கு மருந்து கணக்குத் தணிக்கையும் நேரடிக் கண்காணிப்பும். அரசு செய்த பிழைக்கு இடிபாட்டில் கிடக்கும் குழந்தையைத் தண்டிப்பது எந்த நீதி?

2025 ஜூன் 30-இல் சிரியா மீதான தடைத் திட்டத்தை அமெரிக்கா முடித்துக்கொண்டது. ஆனால் நிலநடுக்கப் பகுதியில் கிடக்கும் ஈரானும், புயல் பாதையில் கிடக்கும் கியூபாவும் இன்னும் தடைக்குள்ளேயே இருக்கின்றன. அடுத்த பேரிடருக்கு முன்பே நான்கு மாற்றங்கள் வர வேண்டும். ஒன்று, பேரிடர் விதிவிலக்கு காலக்கெடு இல்லாமல் ஒவ்வொரு தடைச் சட்டத்திலும் முன்கூட்டியே எழுதப்பட வேண்டும். இரண்டு, மீட்பு இயந்திரமும் எரிபொருளும் அதில் அடங்க வேண்டும். மூன்று, நல்லெண்ணத்தோடு நிவாரணப் பணம் அனுப்பும் வங்கிக்குத் தண்டனை இல்லை என்ற எழுத்துப்பூர்வ உறுதி வேண்டும். நான்கு, பணத்தை நிறுத்தும் வங்கி குறித்த நாளுக்குள் காரணம் சொல்லியாக வேண்டும். தடை விதிக்கும் அதிகாரத்தைக் கையில் வைத்திருக்கும் அரசுகளுக்கே இவற்றைச் செய்யும் கடமையும் உண்டு.