எம்.ஐ.டி.யை ஜெயிச்ச 800 டாலர் ரோபோ: யாரும் ஃபார்வர்ட் பண்ணாத பாதி

(தகவல் தொழில்நுட்ப அணியின் இணையவழிச் சந்திப்பில் நமது தன்னார்வலர் பேசியதன் எழுத்து வடிவம்)

குரல் கேக்குதா? சரி.

இன்னிக்கு நம்ம ஊர் அரசியல் ஒரு வார்த்தைகூடப் பேசப் போறதில்ல. நாலு பள்ளிக்கூடப் பசங்க செஞ்ச ரோபோவைப் பத்திப் பேசப் போறேன். உங்கள்ல சிலருக்கு இந்தக் கதை தெரிஞ்சிருக்கலாம். 2015-ல "ஸ்பேர் பார்ட்ஸ்"னு படமாவே வந்துச்சு. ஆனா நாம பாதிக் கதையைக் கேட்டுட்டுக் கைதட்டிட்டு எழுந்து போயிடறோம். மீதிப் பாதிக்காகத்தான் இந்தப் பேச்சு.

அமெரிக்காவுல அரிசோனா மாநிலம், பீனிக்ஸ் நகரத்தோட மேற்குப் பகுதி. கார்ல் ஹேடன் உயர்நிலைப் பள்ளின்னு ஒரு அரசுப் பள்ளி. ஏழைக் குடும்பங்கள், பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்தவங்க பிள்ளைகள் படிக்கிற இடம். அங்க ரெண்டு வாத்தியார். ஃப்ரெடி லஜ்வர்தி, ஆலன் கேமரன். லஜ்வர்தி கடல் அறிவியல் எடுத்தவர். பாலைவனத்து ஊர்ல கடல் அறிவியல் வாத்தியார், அதையும் கவனிச்சுக்கோங்க. கேமரன் கம்ப்யூட்டர் வாத்தியார். படத்துல இந்த ரெண்டு பேரையும் ஒரே ஆளாக்கிட்டாங்க. எனக்கு அது பிடிக்கல. ஒருத்தர் சோர்ந்து போற அன்னிக்கு இன்னொருத்தர் வந்து நின்னாத்தான் இந்த மாதிரி வேலையெல்லாம் நடக்கும்.

2004-ல தண்ணிக்கடியில ஓடுற ரோபோக்களுக்கான 'மேட்' போட்டிக்கு இவங்க பேர் கொடுத்தாங்க. அதுல பள்ளிப் பிரிவு தனி, கல்லூரிப் பிரிவு தனி. வாத்தியாருங்க பசங்களைக் கல்லூரிப் பிரிவுல சேர்த்தாங்க. வீரமெல்லாம் இல்லைங்க. பள்ளிப் பிரிவுல கடைசியா வந்தா அவமானம், காலேஜ்கிட்ட தோத்தா யாரு கேக்கப் போறாங்கன்னு ஒரு கணக்கு. அந்தப் பிரிவுலதான் எம்.ஐ.டி.யும் இருந்துச்சு.

நாலு பேர்: ஆஸ்கர் வாஸ்கெஸ், கிறிஸ்தியன் ஆர்செகா, லொரென்ஸோ சான்டியான், லூயிஸ் அராண்டா. நாலு பேரும் மெக்சிகோவில் பிறந்தவங்க. கையில இருந்தது கிட்டத்தட்ட 800 டாலர். எம்.ஐ.டி. அணிக்கு எக்ஸான்மொபில் ஆதரவு, 10,000 டாலருக்கு மேல பட்ஜெட்.

இவங்க ரோபோவோட உடம்பு முழுக்க பிவிசி பைப். பைப்பை ஒட்டுற பசையோட நாத்தம் தாங்காம அதுக்கு "ஸ்டிங்கி"ன்னே பேர் வச்சாங்க, நாத்தம் பிடிச்சவன்னு அர்த்தம். தெரியாத விஷயத்தைத் தெரிஞ்ச கம்பெனிக்கு போன் போட்டுக் கேட்டாங்க. தூரம் அளக்க லேசர் வேணும், வெப்பம் அளக்கக் கருவி வேணும். நாங்க பள்ளிக்கூடப் பசங்க, எப்படிச் செய்யறது சொல்லுங்கன்னு கூச்சப்படாமக் கேட்டாங்க. அந்தப் பக்கம் இருந்த இன்ஜினியர்களும் உக்காந்து சொல்லிக் கொடுத்தாங்க.

இன்ஜினியரிங் படிச்சவங்களுக்காக ஒரு நிமிஷம். தண்ணிக்கடியில ரோபோவுக்கு மேலேயிருந்து ஒயர் வழியா கரண்ட் அனுப்பினா, நீளத்துல வோல்டேஜ் விழும். ஈடுகட்ட ஒயரைத் தடிமனாக்கணும். தடிமனான கேபிள் ரோபோவைப் பின்னால இழுக்கும். அதனால இவங்க பேட்டரியையே தண்ணி புகாத ஒரு பெட்டியில போட்டு ரோபோவுக்குள்ள வச்சிட்டாங்க. கேபிள் மெலிசாச்சு, ஓட்டம் லேசாச்சு. ஆனா அந்தப் பெட்டிக்குள்ள தண்ணி போச்சுன்னா எல்லாமே போச்சு.

போச்சு. சான்டா பார்பராவுல நீச்சல் குளத்துல ஒத்திகை பாக்கும்போது பெட்டிக்குள்ள தண்ணி கசிஞ்சுது. திருத்த நேரம் இல்ல. ராத்திரி முழுக்க உக்காந்து ஒயரையெல்லாம் மறுபடி சால்டரிங் பண்ணாங்க. கசிவுக்கு லொரென்ஸோ ஒரு யோசனை சொன்னான்: மாதவிடாய் நேரத்துல பெண்கள் பயன்படுத்துற டாம்பான், பஞ்சு உருளை. தண்ணியை உறிஞ்சத்தானே செஞ்சது அது? கடைக்குப் போய், அங்க இருந்த ஒரு அம்மாகிட்ட எது நல்லதுன்னு கேட்டு வாங்கிட்டு வந்தான். அந்த வயசுப் பையன்! பெட்டிக்குள்ள அதை அடுக்கினாங்க. சர்க்யூட் நனையல.

போட்டியில நடுவர்கள் உக்காந்து கேள்வி கேக்கற சுற்று ஒண்ணு உண்டு. கடற்படை, நாசா சம்பந்தப்பட்ட ஆட்கள் எதிர்ல. லேசர் எப்படி வேலை செய்யுதுன்னு கேட்டா பதில் சொல்றாங்க. மோட்டார் வேகத்தை எப்படிக் கட்டுப்படுத்தறீங்கன்னு கேட்டா பதில் சொல்றாங்க. ஒவ்வொரு ஒயரும் அவங்க கையால போட்டது, வேற எப்படி இருக்கும்?

இந்த இடத்துல நான் ஒண்ணு ஒத்துக்கணும். என் ஃபைனல் இயர் ப்ராஜெக்டை நான் செய்யல. எங்க பேட்ச்ல முக்கால்வாசிப் பேர் மாதிரி ப்ராஜெக்ட் சென்டர்ல காசு கொடுத்து வாங்கினேன். அப்பா அனுப்பின காசு. வைவாவுல எக்ஸ்டர்னல் ஒரே ஒரு கேள்வி கேட்டார், இந்த ரெசிஸ்டர் எதுக்குப்பான்னு. நான் போர்டையே பாத்துக்கிட்டு நின்னேன். அவரும் தலையாட்டிட்டு மார்க் போட்டுட்டார். ஸ்டிங்கி கதையை முதல்ல படிச்சப்போ கார்ல் ஹேடன் பசங்களைவிட அந்த ரெசிஸ்டர்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு.

சரி, முடிவு. பரிசளிப்புல முதல்ல இவங்களுக்கு ஒரு சிறப்புப் பரிசு கொடுத்தாங்க. ஆறுதல் பரிசுதான் போலன்னு பசங்க நெனச்சாங்க. அப்புறம் வடிவமைப்புக்கு ஒண்ணு, தொழில்நுட்ப அறிக்கைக்கு ஒண்ணு. கடைசியில ஒட்டுமொத்த முதலிடமும் கார்ல் ஹேடன். எம்.ஐ.டி. ரெண்டாவது.

இதுவரைக்கும்தான் எல்லாரும் சொல்ற கதை. இனி மீதி.

2006 நவம்பர்ல அரிசோனாவுல ஒரு பொது வாக்கெடுப்பு. 'முன்மொழிவு 300'னு பேர். குடியேற்ற ஆவணம் இல்லாத மாணவர்கள் அரசுக் கல்லூரியில உள்ளூர்க் கட்டணத்துல படிக்கக் கூடாது, வெளிமாநிலத்தார் கட்டணம் கட்டணும், அரசோட கல்வி உதவியும் கிடையாது. மக்கள் ஓட்டுப் போட்டு நிறைவேத்தினாங்க. கிறிஸ்தியன் அப்போ அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்துல மெக்கானிக்கல் படிச்சிட்டிருந்தார். கட்டணம் கட்ட முடியல. படிப்பு நின்னுபோச்சு. பின்னாடி 'ஹோம் டிப்போ'ன்னு ஒரு ஹார்டுவேர் கடையில வேலைக்குப் போனார். பிவிசி பைப் விக்கிற கடை. லொரென்ஸோவும் லூயிஸும் சமையல் தொழிலுக்குப் போனாங்க. சமையல் கௌரவமான தொழில், அதுல எனக்கு ஒண்ணும் இல்ல. எம்.ஐ.டி.யை ஜெயிச்ச பையனுக்கு செமஸ்டர் ஃபீஸ் கட்ட வழி இல்லாமப் போச்சே, அதுதான் எனக்கு ஆறல.

ஆஸ்கர் எப்படியோ தாக்குப்பிடிச்சு 2009-ல மெக்கானிக்கல் முடிச்சார். பட்டம் இருக்கு, வேலைக்கு எடுக்க ஆவணம் இல்ல. முறைப்படி விண்ணப்பிச்சே வர்றேன்னு தானாவே மெக்சிகோ போனார். மனைவி அமெரிக்கக் குடிமகள், கைக்குழந்தை வேற. நேர்மையா நடந்ததுக்குக் கிடைச்ச பதில், 10 வருஷம் திரும்பி வரத் தடை. செனட்டர் டிக் டர்பின் செனட்ல எழுந்து இவர் பேரைச் சொல்லிப் பேசினார். 2010 ஆகஸ்ட்ல விசா வந்துச்சு.

பள்ளியில இருக்கும்போதே ராணுவத்துல சேரணும்னு ஆசைப்பட்டவர் ஆஸ்கர். மாணவர் படையில நல்ல பேர் எடுத்தும், ஆவணம் இல்லன்னு அந்தக் கதவு மூடியிருந்துச்சு. விசா வந்ததும் முதல் வேலையா ராணுவத்துல சேர்ந்தார். ஆப்கானிஸ்தான்ல பணி செஞ்சார், குடியுரிமை வாங்கினார். 2016 ஜனவரியில அதிபர் நாடாளுமன்றத்துல உரையாற்றினப்போ மிஷேல் ஒபாமாவோட விருந்தினரா உக்காந்திருந்தார்.

பாத்தீங்களா, ஒருத்தருக்குக் கதவு திறக்க ஒரு செனட்டர் பேச வேண்டியிருந்துச்சு. டர்பின் பேசாத பிள்ளைகளுக்கு? அவங்களுக்காகத்தான் 'ட்ரீம்' சட்டம்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. சின்ன வயசுல பெத்தவங்களோட வந்து அங்கேயே படிச்ச பிள்ளைகளுக்கு வழி கொடுக்கிற சட்டம். ஆஸ்கர் திரும்பி வந்த அதே 2010, டிசம்பர் 18-ஆம் தேதி செனட்ல வாக்கெடுப்பு. ஆதரவு 55, எதிர்ப்பு 41. ஜெயிச்சிடுச்சுன்னுதானே நெனக்கிறீங்க? விவாதத்தை முடிச்சு மேல கொண்டுபோக அங்க 60 ஓட்டு வேணும். அஞ்சு ஓட்டு குறைஞ்சுபோச்சு.

அடுத்த தடவை யாராச்சும் இந்தக் கதையை அனுப்பினா, இந்த 55-க்கு 41-ஐயும் சேர்த்து அனுப்புங்க.